மெத்தையில் ஒரு பள்ளம்

தவறு செய்த கையே அதைச் சரிசெய்ய நீளலாமா, இல்லை விலகி நிற்பதுதான் நியாயமா? ஸ்பேனர் அக்காவின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான்.

இருபது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பிறகு ஒரு மிஷன் குழுவோடு வருடத்துக்கு இரண்டு வாரம் கடல் கடந்து போய், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி பொருத்திக் கொடுத்தார். தியாகி என்று சபையில் சொன்னார்கள். எதையும் இரண்டு முறை அளந்து பார்க்கிறவர் என்று சொன்னால் போதும்; அதுவே அபூர்வம்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது. அவர்கள் உட்காரும் மெத்தையில் பின்பக்கம் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். எலும்பு அதில் இறங்கி அமரும். பள்ளம் முன்னால் போய்விட்டால் எலும்பு மேட்டில் அழுந்தும். வலிக்காது. சதை மட்டும் அழுகும். உறை நழுவாதிருக்க அக்கா அதை ஆரஞ்சு நூலால் தைத்து மூடிவிடுவார். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

அன்று முகாமின் கடைசி நாள். சர்ச் ஹாலில் பெட்டிகளைக் கட்டியாகிவிட்டது. நாலு மணிக்கு விமான நிலையத்துக்கு வேன். மூன்றரைக்கு ஓர் அம்மா தன் மகனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். போன வருடம் நாற்காலி வாங்கிய பையன், இருபது வயது, செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். அவள் சலவைக்கூடத்துச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

“ரெண்டு நாளா காய்ச்சல். துணியில என்னமோ கசியுது.”

மேஜையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். எலுமிச்சை அளவுக்குப் புண்.

“இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க,” என்றார் குழுவின் நர்ஸ். “ஆறு வாரம் உக்காரவே கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடணும். விட்டா உயிருக்கே ஆபத்து.”

“ஆறு வாரமா? மூணு நாள் போகலைன்னாலே சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிடுவான். வேற யாரு இருக்கா எங்களுக்கு?” அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “எல்லாம் என் தப்பு. மெத்தையை ஈரத்துணியால துடைச்சேன்.”

அக்கா மெத்தையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் முன்பக்கம் இருந்தது. ஆரஞ்சுத் தையல் பிரியவே இல்லை.

குழுவைக் கூட்டி வந்த போதகருக்கும் புரிந்துவிட்டது. அருகில் வந்து காதோடு சொன்னார்: “அவங்க துடைச்சதாவே இருக்கட்டும், விடுங்கக்கா. இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தரும் நம்ம நாற்காலில உக்கார மாட்டாங்க.”

அதில் உண்மை இருந்தது. அதுதான் அதன் ஆபத்து.

எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்று, பையன் தலைமேல் கை வைத்தார்கள். போதகர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார்.

“ஒரு நிமிஷம் ஐயா,” என்றார் அக்கா. “அம்மா, நீங்க துடைச்சதால இல்ல. மெத்தையை முன்பின் மாத்தி வச்சுத் தைச்சது நான்.”

பையன்தான் முதலில் பேசினான், முகத்தைத் திருப்பாமலே. “ஒரு வருஷமா தப்பாவா உக்காந்திருந்தேன்? அதான்க்கா, நான் பிரிச்ச போன் ஒண்ணும் திரும்பச் சேரலை.”

யாரும் சிரிக்கவில்லை.

“நீ வாயை மூடுடா,” என்றாள் அம்மா. பிறகு அக்காவைப் பார்த்தாள். “ராவும் பகலும் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன், தெரியுமா?”

அவனைத் தூக்க அக்கா கை நீட்டினார்.

“என் பிள்ளையைத் தொடாதீங்க! போய் உங்க வேன்ல ஏறுங்க.”

அக்கா கையை இழுத்துக்கொண்டார். வெளியே ஹாரன் அடித்தது.

“உங்களுக்கு வேலை எத்தனை மணிக்கு?”

“எதுக்கு?”

“சொல்லுங்கம்மா.”

“காலைல ஆறு. உங்களுக்கு எதுக்கு அது?”

அக்கா வேனுக்குப் போய்த் தன் பையை மட்டும் இறக்கினார்.

மறுநாள் ஆறு மணிக்குச் சலவைக்கூடத்து வாசலில் நின்றார். “அந்தம்மா பிள்ளையைப் பார்த்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும், அவங்க வேலையை நான் செய்யறேன். சம்பளம் அவங்களுக்கே போகட்டும்.” சூப்பர்வைசர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். ஆறு வாரம் ஈரப் போர்வைகளை இழுத்துப் போட்டதில் அவர் விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போனது. ஐந்தாம் வாரம், புண் மூடிவிட்டது என்று அந்த அம்மாவே ஆளனுப்பினாள்: “ஒரு வேளை எங்க வீட்டுல வந்து சாப்பிடச் சொன்னேன்னு சொல்லு.”

அக்கா தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, சரியான பக்கம் திருப்பித் தைத்து வைத்திருந்த மெத்தையை அந்த ஆளிடமே கொடுத்தனுப்பினார். ஊர் திரும்பும் நாள்வரை அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை.