சாவுகிராக்கி

அப்பா பம்பாய்க்கு வருமுன் கொஞ்ச காலம் மெட்ராஸில் இருந்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் ‘சாவுகிராக்கி’ என்ற வசவும். பெட்டி துருப்பிடித்துப் போய்விட்டது. வசவு மட்டும் எங்கள் தாராவிப் பாத்திரக்கடையில் நன்றாகப் பிழைத்துக்கொண்டது.

கிராக்கி என்றால் கடைக்கு வருகிற ஆள். மராத்தியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். குறுக்கே வந்து சக்கரத்தில் விழப் பார்ப்பவனை, சாவை வாங்க வந்த கிராக்கி என்று மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரர்கள் திட்டியதில் பிறந்தது என்பார் அப்பா. உண்மையோ, அவர் அளந்துவிட்டதோ. எங்கள் கடையில் அதற்கு வேறு வேலை. காலையில் போணி ஆகும் முன்னே வந்து, எல்லாக் குடத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் வாங்காமல் போகிறவர்கள்தான் சாவுகிராக்கி. அவர்கள் படியிறங்கியதும் அப்பா முணுமுணுப்பார். நானும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

என் கணவர் இறந்த வருடம் செம்பூரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வாழ்க்கையில் முதல் வேலை. மறுநாள் சேர வேண்டும். டிபன் டப்பா அப்பா கடையில்தான் வாங்குவேன் என்று முலுண்டிலிருந்து காலையிலேயே ரயிலேறி வந்தேன்.

அப்பா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் படியில் கால் வைத்ததும் கையைக் காட்டித் தடுத்தார்.

“ஏட்டி, கொஞ்சம் அங்கனயே நில்லு. போணி ஆவட்டும்.”

“நான் வாங்கத்தானப்பா வந்துருக்கேன். நானே போணி பண்ணுதேன்.”

“சொன்னாக் கேளு. யாவாரம் பண்ணுத எடம்.”

காரணத்தை அவர் சொல்லவில்லை. என் வெறுங்கழுத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் நான். இறங்கி ரோட்டில் நின்றேன்.

ஒரு பெண் வந்தாள். குடங்களைத் தட்டினாள், குக்கரைத் திறந்து மூடினாள், விலை கேட்டாள், போய்விட்டாள். அப்பா வழக்கம்போல அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறக்கவே இல்லை. அவளையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

விறுவிறுவென்று எதிர்க்கடைக்குப் போய்க் கைக்கு அகப்பட்ட டப்பாவை எடுத்தேன். கடைக்காரர் உத்தரப்பிரதேசத்திலிருந்து புதிதாக வந்தவர். என்னை யாரென்று தெரியாது. நான் கொடுத்த நோட்டைக் கண்களில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார்.

“போணி ஹோ கயீ, பெஹன். ரோஜ் ஆயா கரோ,” என்றார். போணி ஆகிவிட்டதாம், தினமும் வரச் சொல்கிறார்.

அப்பா தன் கடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இன்னும் போணி ஆகவில்லை.