மேஜைக்கு நூற்றைந்து டிகிரி

மேஜைக்குக் காய்ச்சல் வந்து பார்த்திருக்கிறீர்களா? போன வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு மேஜைக்கு வந்தது. நூற்றைந்து டிகிரி!

முதலிலிருந்து சொல்கிறேன். என் மனைவிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அன்று காலையில் விட்ட மாதிரி இருந்தது. எழுந்து முகம் கழுவி, பட்டுச்சேலையை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். மறுநாள் நாகலாபுரத்தில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம்.

அக்காளும் தங்கையும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் கேட்காதீர்கள்... இதுவரை எனக்கு ஏழு காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தத் தங்கையே கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வந்து, பத்திரிகை வைத்து அழைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

“காய்ச்சல்னு சொன்னா அவ நம்புவாளா? அக்காவுக்குக் கோவம் தீரலைன்னுதான் நெனப்பா. நான் போயே ஆகணும்” என்றாள் மனைவி.

“நூறுக்குள்ள இருந்தாப் போலாம்” என்றேன். அலமாரியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தேன். இரண்டு உதறு உதறி அவள் நாக்குக்கு அடியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் — நூற்றைந்து.

நூற்றைந்து டிகிரியில் ஒருத்தி சேலை மடிப்பாளா?

“ஏட்டி, போய்ப் படு. கல்யாணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“என் ஒடம்பு எனக்குத் தெரியாதா? எங்க, ஒங்க வாயில வச்சுப் பாருங்க.”

வைத்தேன். எனக்கும் நூற்றைந்து.

“வாங்க, ரெண்டு பேருமாப் படுப்போம்” என்றாள்.

உதறினேன். தோள்பட்டை வலிக்க உதறினேன். ஒரு கோடு கூட இறங்கவில்லை. எரிச்சலில் மேஜைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். அதே நூற்றைந்து. கெட்டுப்போன சாமானா? அல்லது வீடு முழுக்கக் காய்ச்சலா?

பக்கத்து வீட்டு சயின்ஸ் டீச்சரைக் கூப்பிட்டேன். லீவில் இருக்கிற பெண். வந்து நிமிர்ந்து எங்கள் முன்னறைத் தகரக் கூரையைப் பார்த்தாள். சிரித்தாள்.

“அக்கினி நட்சத்திரம் மாமா. இந்த ரூமே நூத்தஞ்சு இருக்கும். சூடு பட்டா பாதரசத்துல உள்ள துகளெல்லாம் ஆட்டம் கூடி, ஒண்ணவிட்டு ஒண்ணு தள்ளி நிக்கும். எடம் பத்தாம மேல ஏறும். சூடு அத்தை கொடுத்ததா, தகரம் கொடுத்ததான்னு அதுக்கென்ன தெரியும்?”

“உதறுனா எறங்கணுமேம்மா?”

“வெளியவே நூத்தஞ்சு. எங்கன போயி எறங்கும்?”

சரி. ஆனால் ஒன்று இடித்தது. “நாமளும் துகள்தானே? நாம மட்டும் எப்படி நூத்தஞ்சுக்கு ஏறாம நிக்கோம்?”

“வேர்க்குதுல்லா மாமா! வேர்வை ஆவியாப் போவும்போது சூட்டையும் சேத்துக் கொண்டு போயிரும். ரொம்ப ஆட்டம் போடுத துகள்தான் மொதல்ல பிச்சிக்கிட்டு ஓடும். மிச்சம் இருக்கது குளுந்துரும். மண்பானைத் தண்ணி எப்படிக் குளுருதாம்?”

இது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. எங்கள் தெருக் கமிட்டியில் அதிகமாகக் கொதிக்கிறவர் எழுந்து வெளியே போய்விட்டால் மற்றவர்கள் நிம்மதியாகக் காப்பி குடிப்பார்கள். ஆனால் கெட்டியாக இருப்பது, ஓடுவது, பறப்பது — எல்லாம் ஒரே சாமான், ஆட்டம்தான் வித்தியாசம் என்று அவள் மேற்கொண்டு சொல்லிக்கொண்டே போனபோது மறுபடியும் குழம்பிவிட்டேன். அப்படியானால் மேஜைக்குள்ளும் ஆடிக்கொண்டிருக்கிறதா? பார்த்தால் சும்மா நிற்கிறதே...

டீச்சர் வழி சொன்னாள். தெர்மாமீட்டரைப் பானைத் தண்ணீரில் முக்கி உதற வேண்டும். உடனே வாயில் வைக்க வேண்டும். வாயில் இருக்கும்போதே படிக்க வேண்டும். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு ஏற ஆரம்பித்துவிடும்.

செய்தோம். இறங்கிவிட்டது! மனைவி வாயில் வைத்துக்கொண்டு நிற்க, நான் கண்ணாடியை ஏற்றி இறக்கி அவள் மூக்குக்குப் பக்கத்தில் குனிந்து கோடுகளை எண்ணினேன். தொண்ணூற்றேழு... தொண்ணூற்றெட்டு... தொண்ணூற்றொன்பதைத் தாண்டி...

“என்னத்த இப்படி முறைக்கீங்க?” என்று அவள் சிரித்துவிட்டாள். தெர்மாமீட்டர் கையோடு வந்துவிட்டது. துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, திருப்பிப் பிடித்துப் பார்ப்பதற்குள் நூற்றிரண்டு. நிஜக் காய்ச்சலா, தகரம் ஏற்றியதா?

“இன்னொரு தடவை வைப்போம்.”

“நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்” என்று பையைத் தூக்கிவிட்டாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. வேர்த்தால் குளிரும் என்றல்லவா டீச்சர் சொன்னாள்? அந்த ஒரு தைரியத்தில் நானும் செருப்பை மாட்டினேன்.

பஸ் அடுப்பாக இருந்தது. கரிசல் காட்டுக் காற்று சன்னல் வழியாக மூஞ்சியில் அறைந்தது. எட்டயபுரம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கன்னம் சுட்டது. அவள் கன்னமா, என் தோளா, பஸ் என்ஜினா — தெரியவில்லை.

நாகலாபுரத்தில் பந்தல் வாசலிலேயே தங்கை நின்றாள். எட்டி வந்து புறங்கையை அக்காள் கழுத்தில் வைத்தாள்.

“எக்கா... இப்படிக் கொதிக்குதே! காய்ச்சலோடயா வந்தே?”

“ஒண்ணுமில்லட்டி. பஸ்ஸு சூடு.”

நிஜமாகவே காய்ச்சல்தானா என்று தங்கையிடம் கேட்க நினைத்தேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள் — குறுக்கே போக எனக்கு இடம் இல்லை.