ஏலக்காரர் எச்சில் விழுங்கினால்

1959-ஆம் ஆண்டு தை மாதத்தில் கட்டுமாவடிக் கரையில் மீன் வாங்க வந்தவர்கள் எல்லோரும் கொள்ளை லாபம் பார்த்தார்கள். காரணம், ஏலம் கூறும் சேக் அலாவுதீனின் நாக்கு.

அங்கே ஏலத்துக்கு ஒரே சட்டம்தான். அவர் வாய் ஓயாமல் விலையைக் கூவிக்கொண்டே இருப்பார். வாய் எப்போது நிற்கிறதோ, கடைசியாக விலை கேட்டவருக்கு மீன் சொந்தம்.

முந்தின வருஷம் அவருக்கு மனசு கலங்கிப்போனது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஊரார் மீனை எடுத்து, போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். மதுரையில் மனநோய் பார்க்கும் டாக்டர் ஒருவர், புதிதாக வந்த மாத்திரையைக் கொடுத்தார். பேச்சு அடங்கியது, தூக்கம் வந்தது. கூடவே கை நடுங்கியது, வெயில் பட்டால் முகம் வெந்து சிவந்தது, வாய் மணலாக வறண்டது. விலை ஏறுவதற்குள், கூவிக்கொண்டிருக்கும்போதே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"நின்னுருச்சு! சீலா மீனு என்னுது!" என்று கூடையை இழுப்பார் ஆவுடையார்கோவில் வியாபாரி கண்ணுசாமி.

"அட பாவி, அவரு எச்சி முழுங்குறாருய்யா!" என்று மறுபக்கம் பிடித்து இழுப்பார் மீனைப் பிடித்து வந்த வள்ளத்துக்காரர் ராக்கன்.

"முழுங்கட்டும். நானும் மீனைத்தான் முழுங்கப் போறேன்."

வள்ளத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பங்குனி வரைக்கும் பார்ப்பது, சரிப்படாவிட்டால் மணமேல்குடியிலிருந்து வேறு ஆளை வைப்பது என்று முடிவானது. அலாவுதீனுக்கு வேறு தொழில் தெரியாது.

அவர் மனைவி ஹவ்வா உம்மாள் மாத்திரைப் புட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்தார்.

"சாப்பாட்டுல ஆகாதது இந்த மாத்திரையிலயா மச்சான் ஆகப்போகுது? ஒங்க ஒடம்புல சத்து இல்ல. அம்புட்டுத்தான்."

காலையில் சுறா ஈரல் எண்ணெய், மத்தியானம் முருங்கைக்கீரை, ராத்திரி ஆட்டு மூளை. எண்ணெய் வாடைக்குப் பூனைகள் அவர் பின்னாலேயே கரை வரைக்கும் வந்தன. ஆனால் நடுக்கம் நின்றது. நாக்கு பிரிந்தது. மாசிப் பிறப்பன்று அவர் கூறிய ஏலத்தில் மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. கண்ணுசாமி வெறுங்கூடையோடு திரும்பினார். ஹவ்வா உம்மாள் தெருவுக்கே வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்.

மாசி முடியும் முன் அலாவுதீனுக்கு மறுபடி தூக்கம் போனது. ஒருநாள் ராக்கனின் பாறை மீனை ஏலம் கூறியவர், தானே விலை கேட்டார். அதற்கு மேலும் தானே கேட்டார். தன்னைத் தானே திட்டிக்கொண்டு இன்னும் ஏற்றினார்.

"பாய், யாரோட போட்டி போடுறீங்க?" என்றார் ராக்கன்.

"அந்தா நிக்கிறானே அலாவுதீன், அவனோட! விட்டுத்தர மாட்டேங்குறான்!"

கரையே சிரித்தது. கூட்டத்தில் நின்ற ஹவ்வா உம்மாள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டார். மறுநாள் இருவரும் மதுரை பஸ் ஏறினார்கள்.

டாக்டர் முழுக்கதையையும் கேட்டார். "மாத்திரை வாயை உலர்த்தும்னு நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்களும் நிறுத்துறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்திருக்கணும்" என்றார். அளவைக் குறைத்து, ராத்திரிக்கு மாற்றினார். நடுக்கத்துக்கு வேறொன்று எழுதினார். வெயிலில் குடை பிடிக்கச் சொன்னார்.

"அப்ப மீனெண்ணெய், கீரை எல்லாம் வீணாங்க?" என்று கேட்டார் ஹவ்வா உம்மாள்.

"வீணில்லம்மா. ஆள் தேறியிருக்காரு, நல்லாக் குடுங்க. மாத்திரையோட சேத்துக் குடுங்க. மாத்திரைக்குப் பதிலா வேணாம்."

"ஆட்டு மூளை?"

"அது எனக்கும் புடிக்கும்."

தூக்கம் திரும்பியது. நடுக்கமும் பெரும்பாலும் விட்டது. வாய் வறட்சி மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது. இடையிடையே தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். பங்குனியும் பிறந்தது. வள்ளத்துக்காரர்கள் கூடியபோது ராக்கன் எழுந்தார்.

"ஆளை எதுக்கு மாத்துறது? சட்டத்தை மாத்துவோம். வாய் நின்னாலும் ஏலம் நிக்காது. பாய் குடையை மடக்குனாத்தான் ஏலம் முடிஞ்சுது."

"மழை வந்தா எப்புடி மடக்குவாரு?" என்றார் கண்ணுசாமி.

"நனைஞ்சுக்கிட்டே மடக்குறேன், ஒனக்கு மட்டும் மடக்க மாட்டேன்" என்றார் அலாவுதீன்.

அன்றிலிருந்து இந்த 1962 வரை கரையில் அதுதான் சட்டம். பெரிய கறுப்புக் குடையின் கீழ் நின்று விலை கூவுகிறார், சாவகாசமாகத் தண்ணீர் குடிக்கிறார், வியாபாரிகள் குடைக்கம்பியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மணமேல்குடியிலிருந்து யாரும் வரவில்லை.

வருகிற திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் டாக்டரைப் பார்க்க மதுரை போகிறார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் அதே குடையைப் பிடித்து ஏலம் கூறப்போவது ராக்கன்.