ஜெனிக்கு அவள் அம்மா அனுப்பிய போன்

என் மகளின் படிப்பைக் கெடுத்தவன் நான்தான். கெடுத்துவிட்டு, பழியையும் அவள் தலையிலேயே போட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் சொல்லாமலே போய்விடுவேன்... என்னை எனக்குத் தெரியும்.

பிள்ளைகளே, நீங்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பேசினேனே, நீலச் சட்டை போட்ட ஆள்... அவன்தான் நான். "இன்டர்நெட் பிள்ளைகளைக் கெடுக்குது" என்று பேசினேன். உங்கள் அப்பா, அம்மா எல்லாரும் கை தட்டினார்கள். அன்று சாயங்காலமே உங்களில் சிலர் கையிலிருந்து போன் பறிபோயிற்று.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைச் சொல்கிறேன்... மற்ற பிழையை நீங்கள் பொறுக்க வேண்டாம்.

மகாபலிபுரத்திலிருந்து நெம்மேலிப் பக்கம் போகிற சாலையில், கடலைப் பார்த்த மாதிரி ஒரு விடுதி. அங்கே நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்வது என் வேலை. விழுந்த இலையை வலையால் அள்ளுவேன், மருந்து கலப்பேன், பாசி பிடித்த ஓரத்தைத் தேய்ப்பேன். சுற்றிலும் ஆட்கள்தான். ஆனால் குளத்தில் குளிக்கிறவர்கள் குளம் கழுவுகிறவனோடு பேசமாட்டார்கள். "வழுக்கும் சார்." "அங்க ஆழம் மேடம்." ஒரு நாள் முழுக்க என் வாயிலிருந்து வருவது அவ்வளவுதான்.

என் மனைவி ஸ்டெல்லா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். ஏழாவது வருடம் நடக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவளைப் போனில் பேச விடுவார்கள். பாதி நேரம் ஜெனியோடு பேசுவாள். மீதி நேரம் என்னோடு. இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது.

ஜெனி எங்களுக்கு ஒரே மகள். அவள் பத்தாவது போனபோது, அங்கிருந்து வந்த ஒருவர் கையில் ஸ்டெல்லா ஒரு புது போன் கொடுத்து அனுப்பினாள். டப்பாவின் மேலே பேனாவால் எழுதியிருந்தாள்: ஜெனி படிப்புக்கு மட்டும்.

படிப்புக்கு அது தேவையாகத்தான் இருந்தது. வகுப்புக்கென்று போனில் ஒரு குரூப். அதில்தான் டீச்சர் கேள்விகளை அனுப்புவார். பாடப் புத்தகத்தின் ஓரத்தில் இருக்கும் கறுப்புக் கட்டத்தைப் போனில் காட்டினால் பாடம் படமாக ஓடும். ஜெனி முதல் வாரம் ஒவ்வொரு கட்டமாகக் காட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நைனா, இதயம் எப்டி அடிக்குது பாரு!" என்று எனக்கும் காட்டினாள். நர்ஸ் ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நர்ஸ் ஆகி, அம்மாவை ஊருக்கு வரவழைத்து உட்கார வைக்க வேண்டும் என்று ஆசை.

ஒரு நாள் அந்தப் போனை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு நாள் என்றுதான் நினைத்தேன்.

காலையில் கடலைப் படம் பிடித்துப் போட்டேன். அதற்கு ஒருவர் இதயக் குறி போட்டார். மறுநாள், பம்பு ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து லைவ் போட்டேன். ஆறு பேர் வந்தார்கள். அதில் யாரோ ஒருவர், எந்த ஊரோ தெரியாது, இப்படி எழுதினார்: "அண்ணாத்த, கொரலு சோந்து போய் கீதே, இன்னா ஆச்சி?"

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா! என் குரல் சோர்ந்திருப்பதைக் கவனிக்க உலகத்தில் ஓர் ஆள் இருந்தான்!

அப்புறம் தினமும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது... பிறகு சாப்பாட்டை விட்டுவிட்டே பேசினேன். ஆறு பேர் அறுபது பேர் ஆனார்கள். நான் அவர்களை "ஒறவுங்களே" என்று கூப்பிட்டேன். வீடு திரும்பும்போது அன்றைய டேட்டா முழுக்கத் தீர்ந்திருக்கும்.

ஜெனி கேட்காமல் இல்லை.

"நைனா, போன வெச்சிட்டுப் போ. சயின்ஸ் மிஸ் கொஸ்டின் போட்டுகிறாங்க."

"வேலையில அவசரத்துக்குக் கூப்புடுவாங்க. சாயங்காலம் பாத்துக்கோ."

சாயங்காலம் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"சுத்திகினே கீது நைனா. ஓடல."

"டவர் இல்ல போல."

"டவர் ஃபுல்லா கீது. டேட்டா தீந்துபோச்சின்னு மெசேஜ் வந்துகீது பாரு."

"போன் இல்லாத காலத்துல யாரும் படிக்கலியா? புஸ்தகத்த எடு!"

போன் இல்லாத காலத்தில் எட்டாவதோடு நின்றவன், அதைச் சொன்னேன்.

பள்ளியில் டீச்சர் கேட்டிருக்கிறார், கேள்விகளை ஏன் எழுதி வரவில்லை என்று. ஜெனி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்: "எங்க நைனா போன வேலைக்கு எடுத்துனு போயிடுவாரு மிஸ்." டீச்சர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். மகள் கெட்டுவிடக் கூடாதே என்று போனைக் கூடவே கொண்டுபோகிற தகப்பன்! எவ்வளவு பொறுப்பு! தலைமை ஆசிரியர் காதுக்குப் போயிற்று. பெற்றோர் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

நான் மறுத்திருக்கலாம். "அப்படி இல்லை சார்" என்று மூன்று வார்த்தை... ஏன் சொல்லவில்லை? அத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் பார்க்காத மனிதனை!

"என் பொண்ணு கையில போன விட்டுட்டு நான் வேலைக்குப் போறதே இல்ல" என்றேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை... அதுதான் கொடுமை.

ஜெனி பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது மொபெட்டில் என் பின்னால் இருந்தாள். பாதி வழியில் சொன்னாள்: "நல்லா பேசின நைனா."

எந்த முகத்தோடு சொன்னாள் என்று நான் பார்க்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

ஜெனியின் தோழி ரஹ்மத். அவள் அம்மா வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறார். பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, வழியில் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, உங்கள்ட்ட சொல்லலனா மனசு கேக்காது. ஜெனி தெனம் எங்க வூட்டாண்ட வந்து போன் பாத்துகினு கீது. நீங்க எவ்ளோ கண்டிப்பானவரு!"

கண்டிப்பானவன் என்ன செய்ய வேண்டும்? உடனே போக வேண்டும். போனேன். முன்னறையில் மிஷின் சத்தம். உள்ளறை வாசலில் நின்றேன்... என் குரல் கேட்டது!

ஆமாம், என் குரல்தான். அரிசி டின்னில் சாய்த்து வைத்த போனில், முன்பு போட்ட லைவ் ஒன்றில் நான் பேசிக்கொண்டிருந்தேன். "ஒறவுங்களே, எம் பொண்ணு பத்தாவது படிக்குது. நர்ஸ் ஆவப் போவுது. அது மூஞ்சப் பாத்தா போதும், எனக்கு எல்லா அலுப்பும் போயிடும்..."

ரஹ்மத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெனி கன்னத்தில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் நோட்டு. பாதிக் கேள்விகள் எழுதி முடித்திருந்தாள்.

வீட்டில் நான் அவளோடு பேசியது என்ன? "சோறு கீதா?" "கீது." அவ்வளவுதான். அவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் முகம் தெரியாதவர்களுக்குச் சொல்லி முடித்துவிட்டு வருவேன். அதைக் கேட்க என் மகள் அடுத்த வீட்டுப் போனைத் தேடிப் போயிருக்கிறாள்.

எல்லாம் எனக்கு அந்த நொடியிலேயே புரிந்தது. புரியாமல் அடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். புரிந்துதான் அடித்தேன்!

மிஷின் சத்தம் நின்றிருந்தது. ரஹ்மத்தின் அம்மா எழுந்து வரும் காலடி கேட்டது. அவர் வந்தால் போனில் என்னைப் பார்த்துவிடுவார்... ஒரு கையால் போனைக் கவிழ்த்தேன். இன்னொரு கையால் ஜெனியை அறைந்தேன். "போன் பைத்தியம் புடிச்சிப் போச்சா ஒனக்கு?" என்று கத்தினேன்.

"மாமா, அவ கொஸ்டின்தான் எழுதிகினு இருந்தா" என்றாள் ரஹ்மத். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஜெனி அழவில்லை. நோட்டை மூடி, பேனாவுக்கு மூடி போட்டு, எழுந்து வெளியே நடந்தாள்.

அதன்பின் அவள் ரஹ்மத் வீட்டுக்குப் போகவில்லை. வீட்டில் போனைக் கேட்கவும் இல்லை. நான் "இந்தா, வெச்சிக்கோ" என்று ஒரு நாள் நீட்டினேன். "வேணாம்" என்றாள். மறுநாள் மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பரீட்சையில் தேறினாள். ஆனால் அறிவியலிலும் கணக்கிலும் மதிப்பெண் குறைந்திருந்தது.

இனிமேல் சொல்லப் போவதுதான் என் முழுக் குற்றம். இதுவரை சொன்னதற்காவது தனிமை, அலுப்பு என்று காரணம் காட்டலாம். இதற்கு ஒன்றும் இல்லை.

பதினொன்றாம் வகுப்பு சேர்க்கைக்கு ஜெனியோடு போனேன். தலைமை ஆசிரியர் மதிப்பெண்ணைப் பார்த்தார். வருத்தப்பட்டார்.

"நல்லா படிக்கற பொண்ணாச்சே... சயின்ஸ் குரூப்ல இன்னும் ரெண்டு எடம் இருக்கு. மார்க் கொஞ்சம் கம்மி. வீட்ல ஏதாவது கஷ்டமா? காரணம் இருந்தா சொல்லுங்க, நான் பேசிப் பாக்கறேன்."

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"போன்தான் சார்... நான் குடுக்கலன்னாலும் தோழி வூட்ல போயிப் பாத்துகிச்சி."

வாய் தானாகச் சொல்லிற்று என்று எழுத ஆசைதான்... இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

"நீங்க இவ்ளோ கண்டிப்பா இருந்தும் இப்படி ஆயிடுச்சே!" என்று அவர் எனக்காகப் பரிதாபப்பட்டார். ஜெனிக்கு வேறு பிரிவு எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரம், அச்சரப்பாக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டிலிருந்து படிப்பதாகச் சொல்லி மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டாள். அங்கேயும் அறிவியல் பிரிவு அதற்குள் நிரம்பிவிட்டது. கணக்குப்பதிவியல்தான் கிடைத்தது. ஸ்டெல்லாவிடமும் போனால்தான் மார்க் குறைந்தது என்றே சொல்லிவைத்தேன்.

இப்போது வீட்டில் நான் ஒருவன். லைவ் போடுவதை நிறுத்தினேன்... பன்னிரண்டு நாள். பிறகு மறுபடியும் போட்டேன். "பொண்ணு எப்டி கீது அண்ணாத்த?" என்று கேட்கிறார்கள். "நர்ஸ் படிக்கப் போவுது" என்கிறேன். இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

பிள்ளைகளே, இன்டர்நெட் கெடுக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வீட்டையே அது தின்றதைப் பார்த்தவன். ஆனால் உங்கள் மார்க் குறைந்தால் உங்கள் கையை மட்டும் சோதிக்கிறார்களே, அப்பன் கையில் என்ன இருக்கிறது என்று ஏன் யாரும் கேட்பதில்லை? அன்று என் பேச்சால் போனை இழந்தவர்கள் இதை வீட்டில் காட்டுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

போன மாதம் அச்சரப்பாக்கம் போயிருந்தேன். ஜெனி பன்னிரண்டாவது வந்துவிட்டாள். உயரமாகியிருக்கிறாள். பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தாள்.

"ஜெனி, நான் ஹெச்.எம். கிட்ட போயி எல்லாத்தயும் சொல்லிடலாம்னு..."

"சொல்லி?"

"மனசு கொஞ்சம்..."

"யாரு மனசு?"

சட்டைப் பையில் பேருந்துக் காசைத் தேடினேன்.

"நீ போயி அழுவ. அவரு ஒன்னத் தட்டிக் குடுத்து, பெரிய மனுசன்னு சொல்லுவாரு. எனக்கு இன்னா நைனா? எங்கூட படிச்சவங்க பன்னண்டாவது சயின்ஸ்ல ஒக்காந்துகிறாங்க." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"நான் சொல்லமாட்டேன். அது அங்க தனியா கீது. சொல்றதுனா நீ சொல்லு."

பேருந்து வந்தது. ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா கூப்பிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று வேலைக்கு விடுப்புப் போட்டுக் காத்திருந்தேன். அவள்தான் முதலில் பேசினாள். ஜெனி கணக்குப்பதிவியலில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாளாம். அதைச் சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

"நர்ஸ் ஆவணும்னு எவ்ளோ ஆசப்பட்டா... நான்தாங்க கெடுத்துட்டேன். அந்தப் போன நான் அனுப்பாமலே இருந்திருக்கணும். பெத்தவ நானே எம் புள்ள படிப்புக்கு மண்ணு போட்டுட்டேன்..."

ஏழு வருடமாக அடுத்தவர் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவள், கடல் தாண்டி உட்கார்ந்து அழுதாள்.

"உடு ஸ்டெல்லா. அழுவாத. உன் தப்பு இல்ல" என்றேன்.

யார் தப்பு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.