அண்ணன் மெஷின்

சாவிக்காரர் ஊரார் பூட்டையெல்லாம் திறந்தவர். காலையில் தன் வாயைத் திறக்கத்தான் அவருக்குப் பயம்.

பயம் குடியிருந்தது கடை மேசையின் இழுப்பறையில். செத்துப்போன அண்ணனின் சர்க்கரை பார்க்கும் மெஷின். அதில் இருநூற்றைம்பது எண்கள்தான் தங்கும். அதற்கு மேல் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் இருப்பதிலேயே பழசு அழியும். அண்ணன் அதை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார். தம்பிக்கும் சர்க்கரை வந்தது. விரலைக் குத்தத்தான் மனசு வரவில்லை.

ஆள் இல்லாத நேரத்தில் பட்டனை அழுத்தி எண்களைப் பார்ப்பார். 142, அவித்த முட்டையும் பயறும் தின்ற காலை. 297, ரொட்டியில் ஜாமைச் சிமெண்ட் மாதிரி பூசிவிட்டு, மீசையில் ஒட்டியதைத் துடைக்க அண்ணன் மறந்த காலை. கடைசி எண் 48.

அந்த நாற்பத்தெட்டை இவர்தான் வரவழைத்தார். "காலைச் சாப்பாட்ட நிறுத்துண்ணே, நம்பர் தானா இறங்கும்." பெரிய டாக்டர் என்ற நினைப்பு! அண்ணன் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் கடைக்கு வந்தார். நம்பர் இறங்கியது. அன்று விழுந்த அண்ணன் எழுந்திருக்கவே இல்லை.

அண்ணி சொல்லிப் பார்த்தாள்.

"புது மெஷின் வாங்கித் தொலைய வேண்டியதுதானே தம்பி?"

"அதுல நான் மட்டும்தானே அண்ணி இருப்பேன்."

எண் தெரியாததால் எதைத் தின்பது என்றும் தெரியவில்லை. முட்டையைப் பார்த்தாலும் பயம், ரொட்டியைப் பார்த்தாலும் பயம். ஒருநாள் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு அரத்தை எடுத்தார். வியர்வையில் சட்டை நனைந்தது. கையிலிருந்த சாவி, சாவித்துவாரத்தைத் தவிர எல்லா இடத்தையும் குத்தியது. அண்ணனின் காலி ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்றது போல் இருந்தது.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அண்ணி முகத்தைப் பார்த்ததுமே இழுப்பறையை இழுத்தாள்.

"வேணாம் அண்ணி, அண்ணன் அழிஞ்சிருவாரு!"

"போறவரு போகட்டும். இருக்கிறவன் இருடா!"

அத்தனை வருஷத்தில் அவள் அவரை 'டா' போட்டது அன்றுதான். விரலைக் குத்தினாள். 53. சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். கால் மணி கழித்து மறுபடி குத்தினாள். 94. பிறகுதான் முட்டையை உரித்தாள்.

மென்றுகொண்டே அவர் பட்டனை அழுத்தினார். ஆதியில் இருந்த இரண்டு எண்களைக் காணோம். எல்லாம் மனப்பாடம் என்று நினைத்திருந்தவருக்கு அவை என்னவென்று ஞாபகம் வரவில்லை. நாற்பத்தெட்டு மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதுதான் கடைசியாகப் போகும்.

"இன்னும் எத்தன நாள் குத்தணும், அண்ணி?"

"அவரு முழுசாப் போறதுக்கா? இருநூத்தி நாப்பத்தெட்டு காலை. நீ சாப்பிட்டாத்தான்."

அவர் இன்னொரு முட்டைக்குக் கை நீட்டினார்.