அம்மா கொடுத்த சத்தியக் கடதாசி

நான் இறந்துபோன விஷயத்தை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு யாழ்ப்பாணத்து அதிகாரி. நல்ல மனிதர். சொல்வதற்கு முன் என்னை உட்காரச் சொன்னார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற ஓரறை வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களுக்கு அரசாங்கத்தில் ஏழு பேர்ச் அளவு காணியும் சின்ன வீடும் கொடுக்கிறார்கள், உறுதிப் பத்திரத்தோடு. பட்டியலில் என் பெயரும் இருந்தது. நான்கு தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் ஒரு பிடி மண்ணுக்குக்கூட யாரும் சொந்தக்காரர் ஆனதில்லை. போன மழையில் எங்கள் லயத்தின் பின்சுவர் வெடித்துவிட்டது. என் மகள் அந்தச் சுவரோரமாகத்தான் படுப்பாள். அந்த உறுதிக்காக நான் யார் காலில் வேண்டுமானாலும் விழுந்திருப்பேன். கொட்டகலையில் பஸ் ஏறி, பத்திரங்களையெல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, பிரதேச செயலக அலுவலகத்துக்குப் போனேன்.

அதிகாரி கணினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கணினியைப் பார்த்தார்.

"பழைய தோட்டத்துப் பதிவேடுகளை இப்பதான் இதுக்குள்ள ஏத்தினவை. அக்கா, கோவிக்காதைங்கோ. நீங்கள் ரெண்டு வயசில செத்துப்போனீங்கள் எண்டு இதில கிடக்கு. உங்கட பேர், தகப்பன்ர பேர், பிறந்த திகதி, எல்லாம் சரியா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது பிழை இல்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் ஒருத்தி பிறந்தாள். இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு செத்தாள். ஏழாம் நம்பர் மலையில், மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் அவளைப் புதைத்தார்கள். அடுத்த வருடம் நான் பிறந்தபோது அவள் பெயரையே எனக்கு வைத்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. போன பிள்ளைதான் திரும்பி வந்திருக்கிறது என்பார்கள். அதோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. அப்பா என் பிறப்பைப் பதியவே போகவில்லை.

"பேரு ஒன்னுதானே? பத்திரமும் பெட்டியில இருக்கு. அதுக்குன்னு ஒரு நாள் வேலய விட்டுட்டு இன்னொன்னு எடுக்கப் போகணுமா?" என்று அவர் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். அவளுடைய சாவை யாரோ ஒரு கிளார்க் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார் என்று அவர் நினைக்கவே இல்லை.

இப்படி அவளுடைய பத்திரத்தில் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் வரிசையின் முன்னால் எப்போதும் நான்தான், அத்தனை குள்ளம். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நான் ஓடிப்போய் நிற்பேன். அவள் என் தலைக்கு மேலாக ஏழாம் நம்பர் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னம்மா?"

"ஒன்னய இல்ல."

சில சாயங்காலம் பனிமூட்டம் கானைத் தாண்டி லயத்து வாசல்வரை வந்துவிடும். எல்லாரும் கதவைச் சாத்துவார்கள். எங்கள் அம்மா மட்டும் அகலத் திறந்து வைப்பாள். குளிருது என்று நான் அழுதாலும் சாத்த மாட்டாள். அந்தச் செத்த பிள்ளையை நான் வெறுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இருக்கிற பிள்ளைக்குத்தானே குளிரும்.

பதினெட்டு வயதில் அவளால் எனக்கு ஒரு லாபமும் வந்தது. இருபத்தொரு வயது ஆகாத பெண்கள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று சட்டம். சின்னப் பெண்கள் அங்கே போய்ச் சீரழியக்கூடாது என்று நல்ல மனதோடுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் என் கையிலிருந்த பத்திரத்துக்கு வயது இருபத்தொன்று. அவள் வயதைப் போட்டுக்கொண்டு நான் பிளேன் ஏறினேன்.

வளைகுடாவில் நான் வேலை செய்த கட்டடத்தின் மொட்டை மாடியில், துணி காயப்போடும் நேரத்தில், மூன்று பேர் சந்திப்போம். ஒருத்தி தமிழ்நாட்டுக்காரி. "எங்க ஊர்ல முப்பது வயசு ஆயிருக்கணும்னு சட்டம். ஏஜெண்டு எனக்கு அஞ்சு வயசைக் கூட்டிப் போட்டுட்டான்" என்பாள். இன்னொருத்தி எத்தியோப்பியாக்காரி. அவள் நாட்டில் அப்போது யாரும் வேலைக்கு வரவே கூடாது என்று தடை போட்டிருந்தார்களாம். பக்கத்து நாட்டு வழியாக வந்த கதையை அரைகுறை அரபியில் சொன்னாள். நாங்கள் வந்து இறங்கிய நாட்டின் சட்டம் எங்கள் வயதைப் பற்றிக் கவலையே படவில்லை. யார் வீட்டுப் பொறுப்பில் இருக்கிறோம் என்பது மட்டும்தான் அதற்கு வேண்டும். ஒரே கஷ்டத்துக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வேலி போட்டிருந்தது. எல்லா வேலியிலும் நுழைந்து வந்து ஒரே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வீட்டு மேடம் என் கடவுச்சீட்டைப் பார்த்து, அதில் இருந்த தேதியில் எனக்கு ஒரு கேக் வாங்கி வந்தாள். பாவம், நல்ல எண்ணம்தான். எனக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. என் பங்கை ஒரு தட்டில் போட்டு என் அறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் தட்டு சுத்தமாக இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் தின்றிருக்கும் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என் அறைக் கதவை நான் உள்ளே தாழ் போட்டுத்தான் படுப்பேன் என்பதும் எனக்கு ஞாபகமிருக்கிறது.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"செத்தது வேற பிள்ளை எண்டால், உங்கட பிறப்பு ஒரு இடத்திலயும் பதியேல்ல. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கலியாணப் பதிவு எல்லாம் விசாரணைக்குப் போகும். காணியும் இப்ப கிடைக்காது. இல்லை, பதிவுதான் பிழை எண்டால், அம்மா ஒரு சத்தியக் கடதாசி தந்தால் திருத்தலாம். எது அக்கா உண்மை?"

மகளின் பிறப்புப் பத்திரம் பைக்குள் இருந்தது. தாயின் பெயர் என்ற இடத்தில் அந்தப் பெயர். நான் உண்மையைச் சொன்னால், என் மகள் இரண்டு வயதில் செத்துப்போன ஒரு குழந்தைக்குப் பிறந்தவளாகிவிடுவாள்.

"பதிவுதான் பிழை சேர்" என்றேன்.

அவருக்குப் புரிந்திருக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாரிடம் போக வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

அம்மா மாட்டேன் என்பாள் என்று பயந்தேன். இத்தனை வருடம் அந்தக் கானோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளைக் கூட்டிப்போய், அப்படி ஒரு சாவே நடக்கவில்லை என்று எப்படிச் சொல்ல வைப்பது? விஷயத்தைச் சொன்னதும் அம்மா எழுந்துபோய்த் தலை சீவிக்கொண்டாள். திருவிழாச் சேலையை எடுத்துக் கட்டினாள்.

ஹட்டனில் கடை வைத்திருக்கும், சத்தியக் கடதாசிக்குக் கையெழுத்துப் போட அதிகாரமுள்ள சமாதான நீதவான் ஒருவரிடம் போனோம். அவர் எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டார்.

"சரிங்களாம்மா? ஒங்க மக சாகலைதானே?"

அம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கலியாணத்தில்கூட இல்லை.

"சாகலைங்கய்யா. நான் அன்னைக்கே சொன்னேன். யாருதான் கேட்டாங்க?"

உடனே கட்டைவிரலை மையில் தோய்த்துக் கடதாசியில் அழுத்தினாள். பொய்ச் சத்தியம் செய்ய வைக்கிறோமே என்று நான் குன்றிப்போய் நின்றேன். அவளோ பொய் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட் கிடைத்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"கொஞ்சம் எடம் விட்டு ஒக்காரு" என்றாள்.

கொட்டகலைவரை ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெரிசலில் நின்றார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஒருவர்கூடக் கேட்கவுமில்லை.

பதிவு திருத்தப்பட்டது. பிறகு உறுதியும் வந்தது. காணி ஏழாம் நம்பர் மலையின் அடிவாரத்தில். சுவரில் வெடிப்பில்லாத வீடு. குடிவந்த அன்று மகள் தனக்கென்று ஓர் அறை இருப்பதை நம்பாமல் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் பனிமூட்டம் இறங்கியது. அம்மா புதுவாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இத்தனை வயதுக்குப் பிறகும் என் கால் தானாக ஓடியது.

"என்னம்மா?"

"ஒன்னய இல்ல." மலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அவளத்தான் கூப்பிடுறேன். வீடு அவ பேருல இருக்கு. சாகலைன்னு கவருமெண்டே எழுதிக் குடுத்துருச்சு. இனிமே வரலாம்ல?"

பனி கானைத் தாண்டிப் படிவரை வந்துவிட்டது. கதவைச் சாத்த நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, நான் வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன்.