யன்னல் பக்கம் தேவை, கதவுப் பக்கம் தேவையில்லை

ஒரு கொடுங்கோலனை விரட்ட வேறு நாட்டுப் படை நுழையத்தான் வேண்டுமா என்று இன்றும் யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்பவரின் வீட்டுக் கூரை எப்போதும் பத்திரமாக இருக்கும்.

டென்மார்க்கில், ஸ்கீவ நகரத்து டேனிஷ் மொழி வகுப்பில் எங்கள் ஆசிரியர் அதைத்தான் கேட்டார். அங்கத்தைய சர்வாதிகாரியைப் பிடிக்க அமெரிக்கப் படை பனாமாவுக்குள் புகுந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. படையெடுப்பு தேவை என்பவர்கள் யன்னல் பக்கம், தேவையில்லை என்பவர்கள் கதவுப் பக்கம் கதிரையைப் போட்டு வாதாட வேண்டும். ஆசிரியர் யன்னல் கட்சி என்பது பேச்சிலேயே தெரிந்தது. நானும் அங்கே போனேன். வாத்தியாரிடம் நல்ல பெயர் எடுக்கிற ஆசை முப்பத்தைந்து வயதிலும் விடவில்லை. வந்து மூன்று மாதமே ஆன என் மனைவி நடுவில் அசையாமல் இருந்தாள்.

அவள் கண் முன்னே நான் அந்தப் பக்கம் போயிருக்கக் கூடாது.

இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியபோது நான் இங்கே துள்ளிக் குதித்தவன். கேசரி கிண்டி கொம்மூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்கே கொண்டு போனேன். இனிப் பயமில்லை, கொழும்புக்குப் போகாதே, விசா வரும்வரை வீட்டிலேயே இரு என்று மனைவிக்கு எழுதினேன். நாலு வயது மகள் ஒரு சிப்பாய்க்கு மாலை போடும் படம் வந்தது. அவர்களை இங்கே அழைக்கும் குடும்ப விண்ணப்பத்தோடு அதைப் பெருமையாக வைத்துக் கொடுத்தேன். அதிகாரி பார்த்துவிட்டு, அங்கே அமைதி வந்துவிட்டதே என்றார். மடையன் நான், தலையாட்டினேன்.

மூன்று மாதத்துக்குள் அதே படை அடித்த ஷெல்லில் மகள் குசினிக்குள்ளேயே செத்துப்போனாள். விண்ணப்பமோ மற்றத் தமிழர்களின் கோப்புகளோடு இங்கே அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தது. அந்த விவகாரத்தில் பின்னர் டேனிஷ் அரசாங்கமே கவிழ்ந்தது. நீதி கிடைத்தது என்றார்கள். எனக்குக் கிடைத்தது தனியாக வந்து இறங்கிய மனைவி.

வகுப்பில் ஆசிரியர் அவளுடைய கருத்தைக் கேட்டார். அவள் என்னிடம் திரும்பினாள்.

"எங்கடை பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லுங்கோ."

அதைச் சொன்னால் கடிதத்தையும் சொல்ல வேண்டும். "அவளுக்கு இதில் கருத்து ஒன்றும் இல்லையாம்" என்று டேனிஷில் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஆசிரியரிடம் தனக்குத் தெரிந்த டேனிஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"என் பிள்ளை செத்தது. படை கொன்றது. வீட்டில் இரு என்று இவர் எழுதினார்."

அது உண்மையா என்று ஆசிரியர் என்னிடம் கேட்டார்.

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது.